துவரை வீரிய ஒட்டு விதை வயல்: அறிகுறியைப் பார்த்துக் கோளாறைப் பிடிப்பது எப்படி?

பெங்களூரில் துவரைக்குத் தொகரி என்று பெயர். ஹொஸ்கோட்டை, மாலூர் பக்கம் நான் பார்த்துக்கொள்ளும் விதை வயல்களில் வேலைக்கு வருகிறவர்களில் பாதிக்கு மேல் தர்மபுரி, கிருஷ்ணகிரிக்காரர்கள். வயலுக்குள் தமிழ், வரப்பைத் தாண்டினால் கன்னடம். பசவனகுடியில் கடலேகாய் பரிஷே என்ற நிலக்கடலைத் திருவிழா நடக்கிற கார்த்திகை வந்துவிட்டால் என் கைப்பேசி ஓயாது. "அண்ணா, பூ கொட்டிக் கிடக்கு, காய் ஒண்ணையும் காணோம்." "சார், பெண் சால்ல மஞ்சளாத் தெரியுது, பிடுங்கிடவா?" வருடா வருடம் இதே கேள்விகள்தான். ஒரு தடவை எழுதி வைத்துவிட்டால் எனக்கும் தொண்டை மிச்சம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

எந்தக் கேள்வி வந்தாலும் என் முதல் பதில் கேள்விதான்: மொட்டைப் பிரித்துப் பார்த்தீர்களா? விதை கொடுத்தவரைத் திட்டுவது, மருந்துக் கடைக்கு ஓடுவது, ஜோசியம் பார்ப்பது எல்லாம் அதற்கு அப்புறம்.

முதலில் வயலில் யார் யார் இருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள். லைன் என்றால் தலைமுறைக்குத் தலைமுறை ஒரே குணத்தோடு வரும் தனி வரிசை. ஏ லைன் என்பது பெண். அதன் பூவில் மகரந்தம் வராது, சூலகம் மட்டும் நன்றாக இருக்கும். பி லைன் அதன் இரட்டைப் பிறவி மாதிரி. பார்க்க அச்சு அசல் அதேதான், ஆனால் மகரந்தம் உண்டு. ஏ லைனில் பி மகரந்தம் விழுந்தால் பிறப்பது மறுபடியும் ஏ. இப்படித்தான் மலட்டு லைனை வருடா வருடம் பெருக்குகிறோம். ஆர் லைன் வளத்தை மீட்டுக் கொடுக்கிற ஆண். ஏ மேல் ஆர் மகரந்தம் விழுந்து கிடைக்கும் விதைதான் விவசாயிக்குப் போகிற வீரிய ஒட்டு. மலட்டுத்தனம் செல்லின் மைட்டோகாண்ட்ரியாவில் இருக்கிறது, அதனால் தாய் வழியாக மட்டுமே இறங்கும். அதை அடக்கும் மீட்பு மரபணு ஆர் லைனின் உட்கருவில் இருக்கிறது.

துவரையில் இன்று அதிகம் புழங்குவது ஏ4 என்ற மலட்டு வகை. கஜானஸ் கஜானிபோலியஸ் என்ற காட்டுத் துவரையைத் தாயாக வைத்து, சாகுபடித் துவரையைத் தந்தையாக்கி, ஐதராபாத் பக்கத்துப் பட்டஞ்சேருவில் உள்ள இக்ரிசாட் என்ற பன்னாட்டுப் பயிர் ஆராய்ச்சி நிலையத்தில் உருவாக்கியது. அதன் வழி வந்த ஐசிபிஎச் 2671 என்ற வீரிய ஒட்டு மத்தியப் பிரதேசத்தில் 2010-இல் வெளியானது. கீழே நான் சொல்வதில் பெரும்பகுதி இந்த ஏ4 வயல்களுக்குத்தான்.

கையில் வேண்டியவை: பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ், மஸ்லின் துணிப் பை ஐம்பது, பட்டை கட்ட வண்ண நூல், ஒரு நோட்டு. முடிந்தால் மகரந்தத்தைச் சோதிக்கும் அசிட்டோகார்மைன் சாயமும் பழைய நுண்ணோக்கியும். நுண்ணோக்கி இல்லாவிட்டாலும் பாதகமில்லை.

அறிகுறி: பெண் சாலில் மஞ்சள் மகரந்தப்பை தெரிகிறது

இதற்குத்தான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும்.

துவரைப் பூவில் மகரந்தப்பை வெடிப்பது பூ விரிந்த பிறகு அல்ல. அதற்கு முந்தின நாளே, மொட்டுக்குள்ளேயே வெடித்துவிடும். விரிந்த பூவைப் பார்த்து முடிவு செய்வது திருடன் போன பிறகு கதவைப் பூட்டுகிற கதை. அதனால் நாளைக்கு விரியப்போகிற, உப்பி மஞ்சளாகி நிற்கும் மொட்டைப் பிடியுங்கள். காலை எட்டிலிருந்து பத்துக்குள் பார்ப்பது வசதி. கட்டைவிரல் நகத்தால் படகு மாதிரி இருக்கும் கீழ் இதழைக் கீறினால் உள்ளே பத்து கேசரங்கள், ஒன்பது ஒன்றாக ஒட்டி, ஒன்று தனியாக. வளமான செடியில் பைகள் பளீரென்ற மஞ்சளாக, உருண்டையாக இருக்கும். நகத்தில் தூள் ஒட்டும். மலட்டுச் செடியில் பைகள் வெளிறி, கண்ணாடி மாதிரி, சூம்பிப் போயிருக்கும். ஒட்டுவதற்கு ஒன்றுமே இருக்காது.

எங்கள் வயலில் தர்மபுரிப் பக்கத்து அக்கா ஒருவர் இருக்கிறார். லென்ஸைத் தொடக்கூட மாட்டார். மொட்டைப் பிதுக்கி, கருப்புச் சட்டைக் கையில் தேய்ப்பார். கோடு விழுந்தால் பிடுங்கு, விழாவிட்டால் விடு. நுண்ணோக்கியில் நான் மறுபடி பார்த்த எதுவும் அவர் சொன்னதற்கு மாறாக இருந்ததில்லை. வயலுக்குப் போகும்போது கருப்புச் சட்டை போடுங்கள் என்பது என் சொந்தச் சிபாரிசு.

சரி, மஞ்சள் தெரிந்தால் அடுத்து என்ன? செடியைப் பிடுங்குவதற்கு முன் ஒரு நிமிடம் நின்று, எந்த வகை என்று பாருங்கள்.

ஒரு செடியில் எல்லாக் கிளையிலும், முதல் பூவிலிருந்தே மஞ்சள் என்றால் அது விதைக் கலப்பு. பெரும்பாலும் பி லைன் விதை உள்ளே நுழைந்திருக்கும். ஏ, பி இரண்டும் ஒரே உருவம் என்பதால் பூக்கும் வரை கண்டுபிடிக்க வழியில்லை. அப்படிப்பட்ட செடியை வேரோடு பிடுங்கி வயலை விட்டு வெளியே போடுங்கள். வரப்பில் போட்டால் அங்கேயே கிடந்து இரண்டு நாள் பூக்கும், தேனீ அங்கேயும் போகும். தொடர்ந்து பூ வந்துகொண்டே இருப்பதால் இந்தக் கலவன் நீக்கும் வேலையை ஒரு நாளில் முடிக்க முடியாது. பூக்க ஆரம்பித்த முதல் பத்து நாள் தினமும் நடக்க வேண்டும். பிறகு இரண்டு நாளுக்கு ஒருமுறை போதும்.

சாலில் எல்லாச் செடியும் முதலில் சரியாக மலடாக இருந்து, இரண்டு மூன்று வாரம் கழித்துப் பல செடிகளில் ஒரே சமயம் மஞ்சள் தெரிய ஆரம்பித்தால் கதை வேறு. அது குளிர். ஏ4 இந்த விஷயத்தில் உறுதியானது என்றுதான் பெயர் எடுத்திருக்கிறது. ஆனால் செரிசியஸ் என்ற காட்டுத் துவரை வழி வந்த சில லைன்களில், வெப்பம் சுமார் 25 டிகிரிக்கு மேல் இருந்தால் மலடு, அதற்குக் கீழே இறங்கினால் வளம் என்று மாறும் குணம் உண்டு. அதையே ஒரு வசதியாக எடுத்துக்கொண்டு, பி லைன் இல்லாமலேயே விதை பெருக்கலாம் என்று வேலை செய்தவர்களும் உண்டு. நம் ஊரில் டிசம்பர் இரவு 15, 16 டிகிரிக்கு இறங்கும். மேகமூட்டத்தோடு பகலும் குளிர்ந்தால் அந்த மாதிரி லைன் ஏமாற்றிவிடும். உங்களிடம் இருப்பது எந்த வழி என்று விதை கொடுத்தவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். குளிரால் மாறுகிற லைனாக இருந்தால் அந்தத் தேதிக்குப் பிறகு பிடிக்கும் காயைத் தனியாக அறுத்து, பருப்புக்கு அனுப்புங்கள். விதைக்கு வேண்டாம்.

ஒரே செடியில் ஒரு கிளை மட்டும் மஞ்சள் என்றால் குழம்பத் தேவையில்லை. அந்தக் கிளையில் வண்ண நூல் கட்டி, அதிலும் பக்கத்துக் கிளையிலும் ஆளுக்கொரு மஸ்லின் பை மாட்டுங்கள். மொட்டு விரியும் முன் மாட்ட வேண்டும், விரிந்த பூ எல்லாவற்றையும் கிள்ளிவிட வேண்டும். துவரை தன் மகரந்தத்தைத் தானே மொட்டுக்குள் சேர்த்துக்கொள்ளும் பயிர் என்பதால், பைக்குள் காய் பிடித்தால் மகரந்தம் உயிரோடு இருக்கிறது. பிடிக்காவிட்டால் மஞ்சள் நிறம் வெறும் வேஷம். சாயம் இருந்தால் அன்றே தெரிந்துவிடும்: வளமான தூள் உருண்டையாகச் சிவப்பேறும், மலட்டுத் தூள் இருந்தாலும் சுருங்கி நிறமில்லாமல் கிடக்கும். எனக்கு என்னவோ சாயத்தை விடப் பையில்தான் நம்பிக்கை அதிகம். சிவப்பேறிய தூள் எல்லாம் முளைக்கும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

அறிகுறி: பெண் சால் பூத்துக் கொட்டுகிறது, காய் பிடிக்கவில்லை

துவரையில் பூ கொட்டுவது சாதாரணம்தான். நல்ல வளமான செடியிலேயே பத்தில் எட்டுப் பூவாவது உதிரும். அதனால் தரையில் மஞ்சள் விரிப்பைப் பார்த்ததும் பதற வேண்டாம். ஆனால் பெண் செடிகள் காய் சுமக்காமல், ஆண் செடிகள் பழுக்க ஆரம்பித்த பிறகும் பச்சைப் பசேல் என்று புதிது புதிதாகப் பூ விட்டுக்கொண்டே இருந்தால் அது உண்மையான அறிகுறி. மகரந்தம் கிடைக்காத மலட்டுச் செடி அப்படித்தான் செய்யும். காய் இல்லாததால் சத்து மிச்சம், அதை வைத்து மறுபடி மறுபடி பூக்கும்.

இங்கே ஒரு சின்னச் சோதனை பாதி வழக்கைத் தீர்த்துவிடும். காலையில் ஆண் சாலில் பூப் பறித்து, பெண் செடியில் இருபது பூவின் சூல்முடியில் கையாலேயே தடவி நூல் கட்டுங்கள். ஒரு வாரத்தில் அவற்றில் நாலைந்து பிடித்தாலே பெண்ணிடம் குற்றமில்லை, ஆணிடமும் குற்றமில்லை, தூதுவன்தான் வரவில்லை. ஒன்றுகூடப் பிடிக்காவிட்டால் ஆண் மகரந்தத்தைச் சாயம் போட்டுப் பாருங்கள், மழை நாட்களைக் கணக்கெடுங்கள், மொட்டில் பேன் இருக்கிறதா என்று உதறிப் பாருங்கள்.

தூதுவன் என்றால் தேனீ. துவரை மகரந்தம் கனமானது, பிசுபிசுப்பானது, காற்றில் போகாது. மலைத்தேனீ, இலையை வட்டமாக வெட்டிக்கொண்டு போகும் இலைவெட்டித் தேனீ, மரத்தைத் துளைக்கும் கருவண்டு ஆகியவைதான் வேலை செய்கிறவர்கள். பத்து, பதினோரு மணி வாக்கில் ஒரு பெண் சாலின் நடுவில் பத்து நிமிடம் சும்மா உட்காருங்கள். ஆண் சாலில் ரீங்காரம், பெண் சாலில் அமைதி என்றால் அதற்கும் காரணம் உண்டு. மகரந்தம் சேகரிக்க வரும் தேனீக்குப் பெண் பூவில் ஒன்றும் கிடைக்காது, தேன் தேடி வருவதுதான் இரண்டு பக்கமும் போகும். ஆண் சால் தூரத்தில் இருந்தால் அதுவும் தாண்டி வராது. நாலு பெண் சாலுக்கு ஒரு ஆண் சால் என்பது வழக்கமான கணக்கு. தேனீ குறைந்த இடத்தில் மூன்றுக்கு ஒன்று போடுங்கள். "பெண் சால் அதிகமானால் விதை அதிகம்" என்று ஆறுக்கு ஒன்று போட்டவரின் நடுச் சால்களை நான் பார்த்திருக்கிறேன். விறகுக்குத்தான் ஆனது.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு வயலில் அக்டோபர் கடைசி வரை காய் சரமாகப் பிடித்தது, நவம்பரில் சட்டென்று நின்றுவிட்டது. மருந்து தெளிக்கவில்லை, மழையில்லை. மொட்டு சரி, கைத்தடவலில் காய் பிடிக்கிறது. ஒரு வாரம் மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்ட பிறகு, டீக்கடையில் ஒருவர் சொன்னார்: அரைக் கிலோமீட்டர் தள்ளி இருக்கும் அடுக்குமாடிக் கட்டடத்தில் பால்கனிக்குக் கீழே தொங்கிய ஏழெட்டு மலைத்தேன் கூடுகளையும் ஆள் வைத்துப் புகை போட்டு எடுத்துவிட்டார்களாம். குடியிருப்பவர்களைக் குறை சொல்ல முடியாது, குழந்தைகள் இருக்கும் வீடு. ஆனால் பெங்களூர் ஓரத்தில் விதை வயல் போடுகிறவருக்குப் பக்கத்துக் கட்டடத்தின் வெளிச்சுவரும் வயலின் ஒரு பகுதிதான். அதற்குப் பிறகு நான் பூக்கும் காலத்துக்குப் பெட்டித் தேனீயை வாடகைக்கு எடுத்து வைக்கிறேன். முழுத் தீர்வு என்று சொல்ல மாட்டேன். பெட்டித் தேனீக்குப் பக்கத்தில் வேறு நல்ல பூ இருந்தால் அங்கேதான் போகும்.

மருந்து விஷயம்: காய்ப்புழுவுக்குத் தெளிக்காமல் முடியாது. ஆனால் காலை ஏழு மணிக்குத் தெளித்துவிட்டு பதினோரு மணிக்குத் தேனீ வரவில்லை என்று என்னைக் கூப்பிடாதீர்கள். சூரியன் சாய்ந்த பிறகு தெளியுங்கள். வங்காள விரிகுடாவில் புயல் சின்னம் வந்தால் இங்கே மூன்று நாள் தூறல். அந்த மூன்று நாளும் தேனீ வெளியே வராது, அந்த நாட்களின் பூவும் போச்சு. அதற்கு மருந்து இல்லை. அடுத்த கொத்து பூக்கும், பொறுங்கள்.

தேனீ இருக்கிறது, மழையில்லை, ஆனாலும் காய் இல்லை என்றால் ஆணும் பெண்ணும் ஒரே நேரத்தில் பூக்கவில்லை. ஆண் முந்திக்கொண்டு பூத்துக் காய்க்க ஆரம்பித்துவிட்டால் உடனடி வைத்தியம் ஒன்று உண்டு: ஆண் சாலில் பிடித்த பிஞ்சுகளை எல்லாம் பறித்துவிடுங்கள். காய் போனால் செடி மறுபடி பூக்கும், இரண்டு வாரம் கூட இழுக்கலாம். பறித்த காய் வீட்டுக்கு. பச்சைத் துவரைச் சாம்பார் வைக்கச் சொல்லித் தர வேண்டியதில்லை.

அடுத்த வருடத்துக்கான வைத்தியம், பிந்திப் பூக்கிற லைனை முன்னால் விதைப்பது. இங்கேதான் பலர் தவறுகிறார்கள். இரண்டும் பதினைந்து நாள் வித்தியாசத்தில் பூக்கிறதா, சரி, பதினைந்து நாள் தள்ளி விதைத்தால் சேர்ந்துவிடும் என்று கணக்குப் போடுவார்கள். துவரை நாள் நீளம் குறைவதைப் பார்த்துப் பூக்கும் பயிர். பிந்தி விதைத்தது குட்டையாக நின்று, சீக்கிரமே பூத்துவிடும். விதைப்பில் பதினைந்து நாள் தள்ளினால் பூப்பில் அதில் ஒரு பகுதிதான் தள்ளும். அதனால் ஒரே ஒரு தேதியை நம்பாமல் ஆண் சாலை இரண்டு மூன்று தவணையாக விதைத்துவிடுங்கள். இதை விடச் சுலபமான காப்பீடு கிடையாது.

அறிகுறி: செடி வெளிறிப் புதராக நிற்கிறது, பூவே இல்லை

பெயரில் மலடு என்று இருப்பதால் வரும் குழப்பம் இது. இலை சிறுத்து, வெளிர் பச்சையில் திட்டுத் திட்டாக, கிளை நெருங்கி நின்றால் அது மலட்டுத் தேமல் நோய். ஒரு வகை நுண்ணிய சிலந்திப்பேன் கொண்டுவரும் வைரஸ். நம் ஆண் மலட்டுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. ஆண் மலட்டுச் செடி நோயாளி அல்ல, ஜம்மென்று பூக்கும். தேமல் செடியை ஆரம்பத்திலேயே பிடுங்குங்கள். போன வருடத்துத் துவரை மரம் வரப்பில் நின்றால் அதையும் வெட்டுங்கள், பேன் அங்கேதான் வெயில் காலத்தைக் கழிக்கும்.

அறிகுறி: ஏ லைனைப் பெருக்கியதில் வளமான செடிகள் வருகின்றன

ஏ மேல் பி விழுந்தால் பிறப்பது எல்லாம் மலடாகத்தான் இருக்க வேண்டும். பி விதை கலந்ததையும் கழித்த பிறகு வளமான செடிகள் அங்கொன்று இங்கொன்றாக வந்தால், வேலியைத் தாண்டி யாரோ வந்திருக்கிறார்கள். துவரையில் இயல்பாகவே காற்பங்கு வரை, சில இடங்களில் அதற்கு மேலும், பிறமகரந்தச் சேர்க்கை நடக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

பெங்களூர்ப் பக்கம் இதில் தனிச் சிக்கல் இருக்கிறது. இங்கே ராகி வயலில் அக்கடி சாலு என்று ஒரு வழக்கம் உண்டு. சில சால் ராகிக்கு ஒரு சால் தொகரி, அவரை, ஆமணக்கு என்று கலந்து போடுவார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் வெறும் ராகி வயல். ஆகஸ்டில் போய் "சுற்றி 500 மீட்டருக்குத் துவரை இல்லை" என்று விலகு தூரத்தைக் குறித்துக்கொண்டு வருகிறவர், ராகி அறுத்த பிறகு அங்கே தலை நீட்டும் தொகரியைப் பார்த்துத்தான் விழிப்பார். அப்போது அது முழுப் பூவில் இருக்கும். நடந்து போய், சாலுக்குள் இறங்கிப் பாருங்கள். ஊர் வீட்டுக் கொல்லையையும் பாருங்கள். பச்சைக் காய்க்காகப் பெங்களூர் வேளாண் பல்கலைக்கழகத்தின் பிஆர்ஜி துவரை ரகங்களை வீட்டோரம் வைத்திருப்பவர்கள் நிறைய. பெரியவரிடம் போய், "அஜ்ஜா, இந்தச் செடியின் காயை நானே நல்ல விலைக்கு எடுத்துக்கொள்கிறேன், பூவை மட்டும் ஒரு மாதம் கிள்ள விடுங்கள்" என்று கேட்டால் முக்கால்வாசிப் பேர் சிரித்துக்கொண்டே சரி என்பார்கள்.

வேலி சரி, ஆனால் வளமான செடி தொடர்ந்து வருகிறது என்றால் பி லைனிலேயே மீட்பு மரபணு நுழைந்திருக்கிறது. ஏதோ ஒரு வருடம் ஆர் மகரந்தம் பி மேல் விழுந்து, யாரும் கவனிக்கவில்லை. பி செடியைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்கவே முடியாது, அது எப்படியும் வளமானதுதான். பிள்ளையைப் பார்த்துத்தான் தகப்பனைத் தெரிந்துகொள்ள வேண்டும். இருபது முப்பது பி செடிகளைத் தேர்ந்து, ஒவ்வொன்றின் மகரந்தத்தையும் தனித்தனி ஏ செடியில் கையால் தடவி, இரண்டின் விதையையும் ஒரே எண் போட்டு எடுத்து வையுங்கள். அடுத்த பருவத்தில் ஜோடி ஜோடியாக விதையுங்கள். எந்த ஏ பிள்ளைகள் முழுக்க மலடோ, அதன் ஜோடி பி மட்டும் தங்கும், மற்றவை பருப்புக்குப் போகும். ஒரு வருடம் போகிறதே என்று வருத்தப்பட்டுத் தள்ளிப்போடாதீர்கள். நான் தள்ளிப்போட்டேன், மூன்று வருடம் போனது.

அறிகுறி: வீரிய ஒட்டு விதைத்த வயலில் மலட்டுச் செடிகள்

விவசாயியிடமிருந்து வரும் புகார் இது. முதலில் ஒன்று கேளுங்கள்: விதை புதிதாக வாங்கியதா, போன வருட அறுவடையில் எடுத்து வைத்ததா?

எடுத்து வைத்தது என்றால் விடை கையிலேயே இருக்கிறது. வீரிய ஒட்டுச் செடி ஒவ்வொன்றின் தாய்வழிச் செல்லிலும் மலட்டுத்தன்மை இருக்கிறது, ஒரு மீட்பு மரபணுதான் அதை அடக்கி வைத்திருக்கிறது. அதன் அடுத்த தலைமுறையில் மீட்பு மரபணு பிரியும். மரபணு ஒன்று என்றால் நாலில் ஒரு செடி மலடு. தனித்தனியே போதுமான இரண்டு இருந்தால் பதினாறில் ஒன்று. மலட்டோடு போச்சா என்றால் இல்லை, உயரமும் முதிர்வும்கூடக் கலைந்து போயிருக்கும்.

புதிய விதை என்றால் மலட்டுச் செடியின் முகத்தைப் பாருங்கள். அச்சாக ஏ லைன் மாதிரியே இருந்தால், விதை வயலில் பி மகரந்தம் விழுந்திருக்கிறது, அல்லது விதைக் கிடங்கில் ஏ விதை கலந்திருக்கிறது. வீரிய ஒட்டு மாதிரியே வளர்ந்து, ஆனால் மலடாக இருந்தால் ஆர் லைன் தூய்மையாக இல்லை; மீட்பு மரபணு இல்லாத ஆண் செடிகள் சில உள்ளே இருக்கின்றன. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் "விதை சரியில்லை" என்று மட்டும் எழுதி அனுப்பினால் அடுத்த வருடமும் அதே தவறு வரும். குளிர் காலத்தில் பார்த்தீர்களா என்பதையும் குறியுங்கள்.

இன்னொன்று. நூறில் நாலைந்து மலட்டுச் செடி இருந்தால் விவசாயிக்கு நஷ்டம் ஒன்றும் தெரியாது. சுற்றிலும் மகரந்தம் இருக்கிறது, தேனீ கொண்டுவந்து கொடுத்துவிடும், கொஞ்சம் பிந்திக் காய்க்கும். நாமாகப் போய்ப் பயமுறுத்த வேண்டாம். ஆனால் நோட்டில் எழுதுங்கள்.

விதையை விற்பதற்கு முன்பே தெரிந்துகொள்ள வளர்த்துப் பார்க்கும் சோதனைதான் வழி. டிசம்பரில் விதைத்தால் செடி முழு உயரம் வளராமலேயே பூத்துவிடும், அடுத்த விதைப்புக்கு முன் முடிவு கிடைக்கும். இதையும் சுருக்க இக்ரிசாட்டில் ஒரு அழகான வேலை செய்தார்கள். இதய வடிவ இலை கொண்ட பெண் லைன் ஒன்றை உருவாக்கினார்கள். அந்த இலை ஒடுங்கு குணம். சாதாரண இலை உள்ள ஆணோடு சேர்ந்தால் பிள்ளைக்குச் சாதாரண நீள இலைதான் வரும். ஆகவே நாற்றிலேயே இதய இலை தெரிந்தால் அது ஒட்டு அல்ல, பிடுங்கு. பூக்கும் வரை காத்திருக்க வேண்டியதே இல்லை. எல்லாப் பெண் லைனிலும் இந்த வசதி இருந்தால் என் தலைமுடி இன்னும் கொஞ்சம் கருப்பாக இருந்திருக்கும்.

அறிகுறி: பெண் சாலில் சரிபாதி வளமான செடிகள்

பயப்படாதீர்கள், இது கோளாறே இல்லை. உங்களிடம் இருப்பது பழைய வகை, உட்கரு மரபணுவால் மட்டும் வரும் மலடு. உலகின் முதல் பயறு வீரிய ஒட்டு என்று 1991-இல் வெளியான ஐசிபிஎச் 8 இந்த வகைதான். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் கோபிஎச் 1, கோபிஎச் 2 ஆகியவையும் இதே வகை. இதில் பெண் சாலில் எப்போதும் பாதி வளமாகத்தான் பிறக்கும். ஒவ்வொரு மொட்டையும் பார்த்து, பாதிச் செடியைப் பூ விரியும் முன் பிடுங்க வேண்டும். விளைச்சல் நன்றாக இருந்தும் இந்த வகை பரவாமல் போனது இந்தக் கூலியால்தான். நெருக்கி விதைத்து, பாதியைக் கழிப்பதாகவே கணக்குப் போடுங்கள்.

"பீன்ஸில், அவரையில் இதையே செய்யலாமா?"

அவரைக்காய் பருவத்தில் மாடித்தோட்டக்காரர்கள் தவறாமல் கேட்பது. மலட்டுச் செடி கிடைக்காததல்ல பிரச்சினை, பீன்ஸில் அது இருக்கவே இருக்கிறது. அதில் மீட்பு மரபணு ஒன்று செய்கிற வேலை விசித்திரமானது: மலட்டுக்குக் காரணமான துண்டையே மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து காணாமல் அடித்துவிடும், பிறகு அந்த மரபணுவை நீக்கினாலும் மலடு திரும்பாது. ஆனால் பீன்ஸ் பூ தன் வேலையைத் தானே முடித்துக்கொள்கிற பூ. வெளி மகரந்தத்தை வயல் அளவில் கொண்டுபோய்க் கொடுக்க ஆள் இல்லை. மேலை நாட்டு பாக்லா அவரையில் தேனீ வரும், 1950களிலேயே இங்கிலாந்தில் 447 என்ற மலட்டு வகையைக் கண்டுபிடித்தார்கள். அது நிலையாக நிற்காமல் வளத்துக்குத் திரும்பிக்கொண்டே இருந்தது. மலடு, தேனீ, நிலைத்தன்மை மூன்றும் துவரையில்தான் ஒன்றாக அமைந்தன. அதனால் பால்கனியில் ஆசைக்கு ஒட்டுப் போடுவதென்றால் சாமணம் எடுத்து மொட்டிலேயே மகரந்தப்பைகளைக் கிள்ளுங்கள். பூவுக்கு நாலைந்து விதை கிடைக்கும், வேடிக்கை பார்க்கப் போதும்.

அறிகுறி: வயலில் எல்லாம் சரி, சோதனையில் மட்டும் ஆண் செடி அதிகம்

இது களத்தில் நடந்த தவறு. ஆண் சாலை முதலில் அறுத்து, வயலை விட்டு ஏற்றி அனுப்பிய பிறகுதான் பெண் சாலில் அரிவாள் வைக்க வேண்டும். சாய்ந்து பெண் சாலுக்குள் விழுந்த ஆண் கிளைகளைத் தனி ஆள் போட்டுப் பொறுக்குங்கள். களம், முறம், சல்லடை, அடிக்கும் எந்திரம் எல்லாவற்றையும் பெருக்குங்கள்.

அப்புறம் சாக்கு. என் இரண்டாவது வருடத்தில் நானே நிரப்பிய மூட்டை ஒன்று சோதனையில் தோற்றது. வயல் சுத்தம், களம் சுத்தம், எங்கே தவறு என்று புரியவில்லை. காலிச் சாக்கை எடுத்து உதறினேன், ஒன்றும் விழவில்லை. உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, அடித் தையலில் விரலை விட்டபோது, முந்தின வருடத்து ஆர் லைன் விதை ஒரு பிடி கைக்கு வந்தது. சாக்கைத் திருப்பி, மூலைத் தையலை விரலால் தடவிய பிறகு நிரப்புங்கள்.